அப்பா ஏபி, பிள்ளை ஓ

அப்பாவுக்கு ஏபி ரத்த வகை, பிள்ளைக்கு ஓ. அப்படியென்றால் பிள்ளை அவருடையது இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசதியான திருப்பம்தான். பழி வழக்கம்போல அம்மாவின் தலையில்.

பாடப்புத்தகக் கணக்கில் தப்பில்லை. ஏபி தந்தை ஏ, பி இரண்டில் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால், கொடுத்தது வெளியே தெரிந்தே தீரும் என்று எந்த மரபணுவும் எழுதித் தரவில்லை.

1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் விவரித்த ‘பம்பாய்’ ரத்த வகையைப் பார்க்கலாம். ஏ, பி இரண்டுமே சிவப்பணுவின் மேலுள்ள ‘ஹெச்’ என்ற அடிப்பொருள் மீது உருவாகிறவை. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஹெச் மரபணு வந்து சேர்ந்தால் அந்த அடிப்பொருளே இருக்காது. தந்தை தந்த ஏ உள்ளே பத்திரமாக இருக்கும். வழக்கமான சோதனையோ ‘ஓ’ என்று சொல்லும். அதே ஏ பேரப்பிள்ளையிடம் தலைகாட்டவும் கூடும்!

அபூர்வம்தானே என்பார்கள். ஆம், இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர். உறவுக்குள்ளேயே பெண் எடுக்கும் குடும்பங்களில் வாய்ப்பு இன்னும் கூடும்.

சந்தேகப் பேர்வழிகளுக்கு டிஎன்ஏ சோதனை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத்தான் அவசரம்: சாதாரண ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து, பம்பாய் வகை ரத்தம் மட்டுமே சேரும்.