கை மரத்துப்போனால் தறியை மட்டும் குறை சொல்லாதீர்கள்! ரத்தசோகையில் நெசவுக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். கணவர் தறியில் உட்கார்ந்தால் மனைவி தார் சுற்றுவார். கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் துணைக்கு இன்னொருவரும் உட்கார வேண்டும். காலையில் குழியில் கால் இறக்கினால், எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் "அசதியா இருக்கு", "படி ஏறினா மூச்சு வாங்குது", "விரல் மரத்துப்போகுது" என்று யார் சொன்னாலும், "தறி வேலைன்னா அப்படித்தான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

எல்லா நேரமும் அது தறியின் குற்றம் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 55 சதவிகிதம். இத்தனை மாத்திரை, இத்தனை திட்டங்களுக்குப் பிறகும் இறங்கியது அவ்வளவுதான்.

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் இந்த ஒரு எண், ரத்தம் குறைவு என்று மட்டும்தான் சொல்லும். ஏன் குறைந்தது என்று சொல்லாது. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். ஃபோலிக் ஆசிட் அல்லது வைட்டமின் பி12 குறைந்தால் அவை பெருத்துப்போகும். இரண்டுக்கும் அசதி ஒன்றுதான், மருந்து வேறு.

விரல்தான் சோறு போடுகிறது

நெசவாளர்கள் விஷயத்தில் அதிகம் பயப்பட வேண்டியது பி12 குறைபாட்டுக்குத்தான். இது ரத்தத்தோடு நிற்பதில்லை, நரம்பையும் தொடும். கை, கால் விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரமரப்பு, நடையில் தடுமாற்றம் என்று வளரும். மயிரிழை மாதிரி பட்டு நூலையும் ஜரிகையையும் தடவிப் பார்த்தே அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற விரலுக்கு உணர்ச்சி குறைந்தால், போவது பிழைப்பு. மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாலும், சர்க்கரை நோயாலும் விரல் மரக்கும் என்பது உண்மைதான். எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும்.

பி12 கீரையில் கிடையாது, பருப்பில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது. சைவக் குடும்பங்கள் பாலையும் தயிரையும் குறைத்துக்கொண்டால் வேறு வழியே இல்லை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடங்களாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பி12 குறைவாக இருக்கும் ஒருவர் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால், ரத்த அளவு ஏறிவிடக்கூடும். 'சரியாப் போச்சு' என்று நினைத்திருக்கும்போதே நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் நடந்துகொண்டிருக்கும். பி12 ஊசியோ மாத்திரையோ சீக்கிரம் தொடங்கினால் நரம்பு மீளும். தாமதமானால் மரமரப்பு முழுசாகப் போகாமல் நின்றுவிடவும் செய்யும்.

ஃபோலிக் ஆசிட்டின் கதையே துணி வேலை செய்த பெண்களிடமிருந்து தொடங்கியதுதான். 1928-ல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் ஜவுளித் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளைத் தாக்கிய கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் ஆய்வுக்கூடத்திலும், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை தொடர்ந்தது. கடைசியில் குணம் தந்தது, ரொட்டியில் தடவும் மலிவான ஈஸ்ட் சாறு. அதில் இருந்த சத்துதான் பிறகு ஃபோலிக் ஆசிட் என்று பெயர் பெற்றது.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை?

பலர் அதைப் பாதியிலேயே நிறுத்திவிடுவதால்! மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், ஆபத்தில்லை. குமட்டல், மலச்சிக்கல் இருந்தால் நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றித் தருவார். அப்படிச் சாப்பிட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு அதிக இரும்பை எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அளவு சரியான பிறகும் சுமார் 3 மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் சேமிப்பு நிரம்பும்.

அடுத்த எதிரி டீ. தறியில் இருப்பவர்களுக்கு டீதான் ஓய்வு; அதைக் குடிக்காதே என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடித்தால் போதும். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் இரும்பு மாத்திரையைச் சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் இரும்பு நன்றாக உள்ளே இறங்கும்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது கண்ணுக்குத் தோன்றும் கணக்கு. 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் நாலரை மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணுக்குத் தினமும் 29 மில்லிகிராம் தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். ஏற்கெனவே பள்ளத்தில் இருப்பவரைக் கீரை மட்டும் மேலே ஏற்றாது; மாத்திரை வேண்டும். கறி, ஈரல் சாப்பிடுபவர்களுக்கு அதிலுள்ள இரும்பு எளிதாகச் சேரும்.

பகல் முழுக்க வீட்டுக்குள் இருப்பதால் வைட்டமின் டி-யும் குறையும். முதுகு, இடுப்பு வலி ஓயாமல் இருந்தால் அதையும் கேளுங்கள். ஆண்களுக்கு இரும்புச்சத்து குறைந்தால் மாத்திரையோடு விடாமல் மூலம், வயிற்றுப்புண் என எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரையைத் தொடவே கூடாது.

ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். வாங்கிவரும் சிவப்பு மாத்திரைகளைத் தறிக்குப் பக்கத்து மாடத்தில் வைக்காதீர்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கைக்கெட்டாத உயரத்தில், மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.