வயர்லெஸ்சில் டாக்டர், தெருவில் யார்?

ஆம்புலன்ஸ் ஊழியருக்கு டாக்டர் தூரத்தில் இருந்துகொண்டே ஆலோசனை சொல்வதைப் பெரிய விஞ்ஞான அதிசயமாகப் பேசுகிறார்கள். வயர்லெஸ்ஸைப் புகழ்கிறார்கள், செல்போனைப் புகழ்கிறார்கள். தெருவில் மண்டி போட்டு உட்கார்ந்து உயிரைப் பிடித்து நிறுத்துகிறவனைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.

நடப்பது என்ன? எழுதி வைத்த விதிப்படி சில சிகிச்சைகளை ஊழியரே செய்யலாம். அதைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். வயசு, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, இதுவரை கொடுத்த மருந்து எல்லாத்தையும் சுருக்கமாகச் சொல்லியாகணும். டாக்டர் சொல்லும் மருந்தையும் அளவையும் அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் ஊசி. டாக்டர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஊழியர் பார்த்துச் சொன்னதை வைத்துத்தான் அவர் முடிவெடுக்கிறார். அப்புறம் அறிவு மட்டும் எப்படிய்யா அவருக்கே சொந்தம்?

தொடக்கத்திலேயே இந்தச் சண்டை இருந்தது. 1967இல் மயாமியில் டாக்டர் யூஜின் நேகல், தீயணைப்பு ஊழியர்கள் எடுத்த இதயத்துடிப்புப் பதிவை வயர்லெஸ் வழியாக மருத்துவமனைக்கு வரவழைத்தார். டாக்டர் அல்லாதவர் வைத்தியம் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு அதுவே பதிலானது.

அதே ஆண்டு பிட்ஸ்பர்க்கின் ஹில் பகுதியில் இன்னொரு பதில் கிடைத்தது. அதுவரை அங்கே போலீஸ் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவதுதான் ஆம்புலன்ஸ். வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு டாக்டர் பீட்டர் சேஃபர் பயிற்சி கொடுக்க, ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் ஓடியது. பின்னால் பொறுப்பேற்ற டாக்டர் நான்சி கரோலைன் அவர்களோடு வண்டியில் ஏறித் தெருத்தெருவாகப் போனார். அந்த அனுபவத்தில் இருந்துதான் அமெரிக்கா முழுமைக்குமான பாடத்திட்டத்தை அவர் உருவாக்கினார்.

1975இல் நகர நிர்வாகம் ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டுத் தன் சொந்த ஆம்புலன்ஸை ஓட்டியது. ஊருக்கே பாடமாக இருந்தவர்களுக்குப் பரீட்சை வைத்தது. பலரை வெளியே தள்ளியது.

தகுதி, திறமைன்னு இங்கேயும் ஒரு கூட்டம் ஓயாமக் கத்துது. தகுதியை அளக்கிற கோல் யார் கையில் இருக்கிறது என்பதற்குப் பிட்ஸ்பர்க் சாட்சி.

தோழர்களே, நாம் கேட்பது பாராட்டுப் பத்திரம் அல்ல. ஆம்புலன்ஸ் விதிகளை எழுதும் இடத்தில் ஆம்புலன்ஸ் ஊழியருக்கு நாற்காலி வேண்டும். வயர்லெஸ்சில் உத்தரவு போடுகிறவர், கரோலைன் மாதிரி முதலில் அந்த வண்டியில் ஏறட்டும்.