அங்கிள் பென் இல்லாத வீடு

"டேய், இது ஸ்பைடர்மேனே இல்லடா."

ரியோய்ச்சி இகேகாமி வரைந்த ஸ்பைடர்மேன் மாங்காவை நண்பனுக்கு அனுப்பி மூன்று நாள் கழித்து வந்த பதில் இது. அவன் மார்வெல் வெறியன். அடுத்த நிமிடமே இன்னொன்று வந்தது: "பயபுள்ள ஒரு ஜோக் அடிக்க மாட்டேங்குறான். எந்நேரமும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே திரியுறான். அங்கிள் பென்னையே காணோம். ஒரிஜினலை நாசம் பண்ணி வெச்சிருக்கானுங்க."

குரூப்பில் மற்ற மூன்று பேரும் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான் அங்கே அடிக்கத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போய் இந்தக் கட்டுரையாகிவிட்டது. அவன் சொன்ன விவரங்கள் எல்லாம் சரி. ஜோக் இல்லை, சோகம் அதிகம், அங்கிள் பென் இல்லை. 'நாசம்' என்ற தீர்ப்பு மட்டும்தான் தப்பு. அந்தத் தப்பை நாம் எல்லோரும் பழக்கமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கதை. 1970 ஜனவரியில் கோடன்ஷாவின் ஷோனென் மேகஸின் மாத இதழில் இந்தத் தொடர் தொடங்கியது. 1971 செப்டம்பர் வரை வந்தது. நாயகன் பீட்டர் பார்க்கர் இல்லை, யூ கோமோரி என்ற டோக்கியோ பள்ளி மாணவன். கதிரியக்கச் சிலந்தி கடிக்கிறது, சுவரில் ஏறுகிறான், உடை தைத்துக்கொள்கிறான். அத்தை உண்டு. அத்தையின் கணவரைக் கொல்ல வரும் திருடன் மட்டும் இல்லை.

1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய கதையில் அந்தத் திருடன்தான் அச்சாணி. பிடிக்க முடிந்தும் பீட்டர் அவனை ஓட விடுகிறான். அதே திருடன் மாமாவைக் கொல்கிறான். சக்தியையும் பொறுப்பையும் முடிச்சுப்போடும் அந்தப் பிரபல வாக்கியம் பிறப்பது அங்கேதான். (அதை அங்கிள் பென் சொன்னதாகத்தான் நமக்கு நினைவு. அந்த முதல் கதையில் அது கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வரியாக வருகிறது.) பீட்டரின் குற்றவுணர்ச்சி, செய்யாமல் விட்டதால் வந்தது. அதனால் அதற்குப் பரிகாரம் உண்டு: இனிமேல் செய்ய வேண்டும். அறுபது வருடமாக அவன் செய்துகொண்டே இருக்கிறான்.

யூவின் முதல் பெரிய எதிரி எலெக்ட்ரோ. அமெரிக்கக் கதையிலிருந்து வந்த அதே பெயர்தான். யூவுக்கு ரூமி என்று ஒரு பேனா நட்பு இருக்கிறது. காணாமல்போன அண்ணனைத் தேடி அவள் டோக்கியோவுக்கு வருகிறாள். இன்னொரு பக்கம் யூ தன் சக்தியை ஒரு சூப்பர்ஹீரோ பயன்படுத்த வேண்டிய விதத்திலேயே பயன்படுத்தி எலெக்ட்ரோவோடு மோதுகிறான். எலெக்ட்ரோ சாகிறான். முகமூடிக்குப் பின்னால் இருந்தது ரூமியின் அண்ணன்.

நண்பா, இதை இன்னொரு தடவை யோசித்துப் பார். பீட்டர் ஒதுங்கி நின்றதால் ஒரு உயிர் போகிறது. யூ இறங்கி நின்றதால் ஒரு உயிர் போகிறது. பீட்டருக்குக் கிடைத்த பாடத்தை யூவிடம் போய்ச் சொல்ல முடியுமா? "பொறுப்பா நடந்துக்கோ தம்பி" என்றால் அவன் என்ன பதில் சொல்வான்? பொறுப்பாக நடந்துகொண்டதுதானே அவன் பிரச்சினை! அங்கிள் பென் மறந்துபோய் விடுபட்டவர் இல்லை. அவர் உட்கார இந்தக் கதையில் நாற்காலியே கிடையாது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பு குறையும். இகேகாமி விளம்பரப் பலகை வரைந்துகொண்டிருந்தவர். 'கரோ' என்ற மாற்று இதழில் எழுதி, ஷிகேரு மிசுகியிடம் உதவியாளராக வேலை செய்தவர். சிறுவர்களுக்கான வேடிக்கைச் சித்திரங்களுக்கு மாற்றாக யோஷிஹிரோ தத்சுமி போன்றவர்கள் 'கெகிகா' என்று பெயரிட்டு வளர்த்த இருண்ட, நடப்பு வாழ்க்கை சார்ந்த பாணி அவர் கையில் ஊறியிருந்தது. காலமும் அப்படி. 1969 ஜனவரியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதா மண்டபத்தைக் கைப்பற்றியிருந்த மாணவர்களைக் கலகத் தடுப்புப் போலீஸ் வெளியேற்றியது. அந்த வருடம் அங்கே நுழைவுத் தேர்வே நடக்கவில்லை. 1970 மார்ச்சில் விமானம் கடத்திய தீவிர இடதுசாரி இளைஞர்கள், தங்களை 'ஆஷிதா நோ ஜோ'வோடு ஒப்பிட்டு அறிக்கை விட்டார்கள். ஜோ ஒரு குத்துச்சண்டை மாங்காவின் நாயகன். அதே கோடன்ஷாவின் வார இதழில் வந்துகொண்டிருந்தவன்.

சரியானதைச் செய்கிறோம் என்று தெருவில் இறங்கி, கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறை அது. அவர்கள் முன்னால் நியூயார்க் பையனின் தெளிவான பாடத்தை வைத்தால் யார் நம்புவார்கள்?

தொடரின் நடுவில் கஸுமாஸா ஹிராய் கதை எழுத வந்தபின் இன்னும் இருட்டாகிறது. யூவின் ரத்தம் ஏற்றப்பட்ட ஒருவனுக்கும் அதே சக்தி வருகிறது, அவன் அதை வைத்துக் குற்றம் செய்கிறான். பல அத்தியாயங்களில் அந்தச் சிவப்பு நீல உடை சில பக்கங்களுக்கு மேல் தலைகாட்டுவதில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. ஹிராய் காலத்துக் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் யூவின் மனம் நொறுங்குவதற்கான காரணங்களாகவே வருகிறார்கள். அவர்கள் மீதான வன்முறை கதைக்கு எரிபொருளாகிறது. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். "ஒரிஜினல் மாதிரி இல்லை" என்பது மட்டும் விமர்சனம் ஆகாது.

ஒரிஜினல் மாதிரியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இந்தியா' ஞாபகம் இருக்கா? பீட்டர் பார்க்கர் அதில் பவித்ர் பிரபாகர். மேரி ஜேன், மீரா ஜெயின். நார்மன் ஆஸ்பார்ன், நளின் ஓபராய். முதலெழுத்துகூட மாறவில்லை. இடுப்பில் வேட்டி, பின்னால் தாஜ்மஹால். பீம் மாமாவும் சாகிறார். பாடமும் அதேதான்.

என் முதல் வேலையில் ஒரு செயலியை வேறு நாட்டுக்கு மாற்றிக் கொடுத்தோம். பட்டன்களில் இருந்த சொற்களை மாற்றினோம், நாணயக் குறியை மாற்றினோம், தேதி எழுதும் முறையை மாற்றினோம். அந்த ஊர்க்காரர்கள் காசு எப்படிக் கொடுக்கிறார்கள், யாரை நம்புகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பிழைகூட இல்லாமல் ஓடியது. யாரும் பயன்படுத்தவில்லை. பவித்ரைப் படித்தபோது எனக்கு அந்தச் செயலிதான் ஞாபகம் வந்தது.

நமக்கு மாற்றமே பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. 1978-இல் டோயி நிறுவனம் எடுத்த ஜப்பானிய டிவி தொடரில் ஸ்பைடர்மேனுக்கு லெபர்டான் என்ற ராட்சத ரோபோ உண்டு. அதை மீம் போட்டுக் கொண்டாடுகிறோம். சூப்பர்மேன் மதியச் சாப்பாட்டுக்காக ஜப்பானுக்குப் பறந்து வரும் மாங்கா வந்திருக்கிறது. குழந்தையாகிவிட்ட பேட்மேனை ஜோக்கர் வளர்க்கும் மாங்காவும் வந்திருக்கிறது. இரண்டையும் நான் ரசித்தேன். ஆனால் கவனியுங்கள்: சாப்பிட்டு முடித்ததும் சூப்பர்மேன் பழைய சூப்பர்மேனாகவே திரும்பிப் போகிறார். பிராண்டுக்குக் கீறல் விழவில்லை. சிரிக்க வைக்கும் மாற்றத்தை நாம் உடனே மன்னிக்கிறோம். நாயகன் நம்பும் ஒன்றைக் கேள்வி கேட்டால் மட்டும் "நாசம்" என்கிறோம்.

பாராட்டுகிறவர்களிடமும் இந்த நோய் உண்டு. 1966-இல் ஜிரோ குவாட்டா 'ஷோனென் கிங்' இதழில் பேட்மேன் வரைந்தார். ஹிராயோடு சேர்ந்து '8 மேன்' என்ற இயந்திர மனிதனை உருவாக்கியவர் அவர். 2008-இல் அந்த பேட்மேனைத் தேடியெடுத்து அமெரிக்காவில் அழகான புத்தகமாகக் கொண்டுவந்தவர் வடிவமைப்பாளர் சிப் கிட். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பக்கம் பக்கமாக வரைந்த குவாட்டாவின் பெயர் அட்டையில் இல்லை. சர்ச்சை வந்தது. உள்ளே அவருக்குரிய மதிப்பு தரப்பட்டிருக்கிறது, நேர்காணல்கூட இருக்கிறது என்று பதில் வந்தது. 2014-இல் டிசி முழுத் தொகுப்பை வெளியிடத் தொடங்கியபோதுதான் குவாட்டாவின் பெயர் தலைப்புக்கே ஏறியது. இகேகாமிக்கு நடந்தது வேறு. 1997-இல் அவர் தொடரை மார்வெல் ஆங்கிலத்தில் போட ஆரம்பித்தது. 31 இதழ்களோடு, முழுக்கதையும் வராமலே, நின்றுபோனது.

தழுவுகிறவனை நாம் ஆசிரியனாகப் பார்ப்பதில்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்லும் வீட்டு ஓனர் மனநிலையில் இருக்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீடு நம்முடையதும் இல்லை. ஒரு அமெரிக்க நிறுவனத்தின் சொத்தைக் காவல் காக்க, சம்பளம் இல்லாமல், ராத்திரி ஒரு மணிக்கு குரூப்பில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

யூவுக்கு அப்போது வயது பள்ளிக்கூடம் முடிக்கும் வயது. சக்தி வந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லித் தர வீட்டில் ஒரு பெரியவர் இல்லை. சொன்ன பெரியவர்களும் தோற்றுப்போயிருந்த காலம். நல்லதை நினைத்து அடித்த முதல் அடியில் தனக்குப் பிடித்த பெண்ணின் அண்ணன் செத்துப்போனான். அதன் பிறகு அவனால் ஜோக் அடிக்க முடியவில்லை. இதில் எந்த இடம் உனக்குப் புரியவில்லை என்று சொல், பேசுவோம்.

"ஸ்பைடர்மேனே இல்ல" என்கிறாய். சரி, விட்டுவிடு. அட்டையில் இருக்கும் பெயரை மறந்துவிட்டு, யூ கோமோரி என்று ஒரு பையனின் கதையாக முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு தடவை படி. அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் குரூப்பில் வந்து சொல். கட்டைவிரல் போட்ட மற்ற மூன்று பேரும் படித்துவிட்டு வரட்டும்.