பின்வாசல் விமானம்

ஏ.டி.ஆர். விமானத்தை முதல் தடவை பார்க்கிறவர் 'இது பறக்குமா சார்?' என்பார். பறக்கும். முன்பக்கம் மூட்டை முடிச்சு. ஆசாமிகள் டவுன் பஸ் மாதிரி பின்வாசலில்தான் ஏறணும். 'ரைட், போலாம்' சொல்ல கண்டக்டர் இல்லை, அவ்வளவுதான்.

இதை ஓட்டும் அலையன்ஸ் ஏர், 1996-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் பெற்ற பிள்ளை. (மூத்தது வாயுதூத், 1981. நஷ்டத்தில் இளைத்து 1993-ல் தாய்வீட்டோடு ஐக்கியம்.) பெரிய விமானங்கள் எட்டிப் பார்க்காத ஊரெல்லாம் இதன் தலையில். லாபமா? விடுங்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா வீட்டுக்குப் போனபோது, இந்தப் பிள்ளையை சர்க்காரிடமே விட்டுவிட்டுப் போயிற்று.

ஆனால், 2019 நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணம் பலாலியில் போய் இறங்கியது இந்தப் பொடிசுதான். 1947-லேயே மதராஸ் விமானம் பார்த்த ஊர். போரில் ராணுவத் தளமாகிப் போனது. சொந்தக்காரர் வீட்டுச் சாவு என்றாலும் கொழும்பு வரை பறந்து, தாண்டி வந்த ஊருக்கே ராத்திரி பஸ் பிடித்துத் திரும்பணும். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி பறந்தது.

முன்சீட்டுக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். பின்சீட்டுக்காரர்தான் முதலில் இறங்குவார்.