தையல் ஊசியும் சால்டரிங் அயர்னும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பர் பெரியோர். எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மின்னோட்டவியல் என்றொரு பாடமும், ஒலியியல் என்று மற்றொரு பாடமும் உண்டு. இரண்டையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அந்தச் சுரைக்காயைக் கறிக்கு உதவச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இவ்வாண்டு எங்களில் நால்வருக்கு எழுந்தது. அதன் பயனாக நாங்கள் கண்ட ஒரு கருத்தை இவ்விதழ் வாயிலாகப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் போடி மலை ஏலத்தோட்டங்களிலிருந்தும் வந்த தங்கையர் பலர் நம் விடுதியில் இருக்கிறார்கள். ஆங்கில உச்சரிப்புப் பாடங்களை அவர்கள் கேட்பதற்கு விடுதிச் சகோதரியின் பழைய கைபேசி ஒன்றுதான் உண்டு. படிப்பு நேரத்தில் அதைச் சத்தமாக வைத்தால் மற்றவர் படிக்க இயலாது. நான்கு ஹெட்போன்களை ஒரே கைபேசியில் இணைத்துப் பார்த்தோம். ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் தேய்ந்து போயிற்று.

ஏன் என்று சிந்தித்தோம். எங்கள் ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் மின்தடை 32 ஓம். நான்கைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 8 ஓம் ஆகிவிடுகிறது. இதே கணக்கை வகுப்பில் எத்தனையோ முறை போட்டிருக்கிறோம்! அவ்வளவு மின்னோட்டத்தைக் கொடுக்கும் வலிமை அந்தச் சிறு கருவிக்கு இல்லை. ஆகவே ஓர் ஆம்ப்ளிஃபயர் தேவை என்று தெரிந்தது.

ஆம்ப்ளிஃபயர் என்பது நம் ஊருக்குப் புதிய விஷயமா? தேக்கடியில் மதகின் சக்கரத்தைச் சுழற்றும் ஒருவரின் கைவலிமை சிறியது. ஆனால் அந்தச் சிறு அசைவுக்குக் கட்டுப்பட்டு, 1895-இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து கம்பம் பள்ளத்தாக்கையே பசுமையாக்குகிறது. வலிமை நீருடையது, கட்டளை மட்டுமே கையுடையது. அது போலவே ஆம்ப்ளிஃபயரில் வலிமை பேட்டரியுடையது. கட்டளை மட்டுமே கைபேசியின் மெல்லிய ஒலிக்குறியுடையது.

எங்களுள் ஒருத்தியின் தந்தையார் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுபவர். அவர் மேற்பார்வையில், எல்.எம். 386 என்னும் எட்டுக் கால் ஐ.சி. நான்கை வைத்து, ஹெட்போனுக்கு ஒன்றாக நான்கு ஆம்ப்ளிஃபயர்களை ஒரே பலகையில் அமைத்தோம். பாடம் பேச்சுதானே, ஆகவே ஒற்றைத் தடமே போதும் என்று முடிவு செய்தோம். உதிரி பாகங்கள் வாங்க ஒரு கடைக்குச் சென்றபோது, "அண்ணன் யாரும் வரலையாம்மா?" என்பதே எங்களைக் கேட்ட முதல் கேள்வி. "நாங்கள்தான் செய்யப்போகிறோம்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துத் தந்தார்.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான கல்வி இருந்தது. பெரிதாக இருப்பதெல்லாம் நல்லது என்ற எண்ணம் முதலில் உடைந்தது. அந்த ஐ.சி. தானாகவே ஒலிக்குறியை 20 மடங்காக்கும். 1, 8 ஆகிய கால்களுக்கிடையே 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை வைத்தால் 200 மடங்காகும். பேராசையால் அதை வைத்தோம். பாடத்தைவிட 'உஸ்' என்ற இரைச்சலே பெரிதாகக் கேட்டது. அதைக் கழற்றி எறிந்தோம். 20 மடங்கே மிகுதி என்று கண்டு, 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்து, உள்ளே வரும் ஒலிக்குறியை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைத்த பின்னரே இரைச்சலின்றித் தெளிவு பிறந்தது. கைபேசியின் சுமையும் குறைந்தது. முன்பு 8 ஓமைச் சுமந்த அது, இப்போது பத்தாயிரம் ஓமுக்கும் மேற்பட்டதையே காண்கிறது.

சிறிதாக இருந்தாலும் போதும் என்ற எண்ணமும் அடுத்து உடைந்தது. ஐ.சி.க்கும் ஹெட்போனுக்கும் நடுவில் ஒரு மின்தேக்கி வேண்டும். கையிலிருந்த 10 மைக்ரோ ஃபாரட்டை வைத்தோம். சோதனைக்காக, நம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாடலொன்றை ஒலிக்கவிட்டால், அவர் பாடல்களில் தனி நடை போடும் பாஸ் கிட்டாரைக் காணோம்! கணக்கிட்டுப் பார்த்தோம். இரு காதுகளும் பக்க இணைப்பில் 16 ஓம். அதனோடு 10 மைக்ரோ ஃபாரட் சேர்ந்தால் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி குன்றத் தொடங்கும். 470 மைக்ரோ ஃபாரட் வைத்தால் அந்த எல்லை 21 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மனிதச் செவி கேட்பதே 20 ஹெர்ட்ஸ் முதல்தான். மின்தேக்கியை மாற்றினோம், பாஸ் கிட்டார் திரும்பி வந்தது. பேட்டரியிலும் அழகான சதுர 9 வோல்ட்டை விட்டு, பல மடங்கு நாள் உழைக்கும் ஆறு பென்சில் செல்களையே தேர்ந்தோம். விலையும் அழகும் அல்ல, தேவையே பாகத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம்.

இதைக் கேட்பவர் சிலர், "கடையில் ஆயத்தமாகக் கிடைக்குமே, பொதுத்தேர்வு வரும் ஆண்டில் இது எதற்கு?" என்பர். உண்மைதான். ஆயத்தக் கருவி எங்களுடையதைவிட அழகாகவும் மலிவாகவும்கூட இருக்கலாம். ஆனால் அது பழுதானால் குப்பைக்குப் போகும். எங்களுடையதை நாங்களே பழுது பார்ப்போம். பக்க இணைப்புக் கணக்கை இனி எந்தத் தேர்விலும் நாங்கள் மறக்கப் போவதும் இல்லை. கோவை ஜி.டி. நாயுடு (1893–1974) மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தே இயந்திரங்களைக் கற்றார். அமெரிக்காவில் 1910-இல் நதானியேல் பால்ட்வின் என்பவர் கடற்படைக்கு விற்ற ஹெட்போன்கள் அவர் வீட்டுச் சமையலறையில் உருவானவை. சமையலறையில் அது பிறக்கலாமென்றால், பெண்களின் பள்ளியில் ஏன் பிறக்கக் கூடாது?

"கை சுட்டுக்கொள்ளுமே" என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் பொரிக்க எங்களைப் பழக்கியவர்கள் நீங்கள்தாமே! சால்டரிங் அயர்னுக்கும் அதே கவனம் போதும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஈயம் கலந்த கம்பியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும். கேட்பதிலும் அளவு வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இறுதியாக ஒன்று. நான்கு ஹெட்போனுக்கும் தனித்தனி வால்யூம் வைத்திருந்தோம் அல்லவா? ஒரு தங்கை மட்டும் ஒவ்வொரு நாளும் மற்றவரைவிட மிகுதியாகத் திருப்புவதைக் கவனித்தோம். கேட்டபோது அழுதுவிட்டாள். வகுப்பில் பாதி கேட்காமலே, திட்டுவார்களோ என்றஞ்சிச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். விடுதிச் சகோதரி அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார், சிகிச்சை நடக்கிறது, வகுப்பில் இப்போது முன் வரிசையில் அமர்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். வகுப்பில் யாரும் அறியாத ஒன்றை எங்கள் கைவேலை காட்டிக் கொடுத்தது. நாசரேத்தில் நம் ஆண்டவரும் தச்சுப் பட்டறையில் கையால் உழைத்தவரே. பிறர் துயரறிய அந்தக் கைகள் தடையாயிருக்கவில்லை.

ஆகவே அன்புக்குரிய தலைமைச் சகோதரியாரிடம் ஒரு விண்ணப்பம். நம் தையல் அறையின் ஓரத்தில் ஒரு மேசை, அதில் ஒரு சால்டரிங் அயர்ன், சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம். இவ்வளவே நாங்கள் கேட்பது. நாங்கள் தேர்வெழுதிச் சென்றுவிடுவோம். பின்னால் வரும் தங்கையர் ஊசியோடு இதையும் கையிலெடுக்கட்டும். அடுத்த முறை கடைக்காரர், "அண்ணன் வரலையாம்மா?" என்று கேட்காதிருக்கட்டும்.