தண்ணீர் வடிந்த பிறகு

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, உப்பளம் உள்ளிட்ட புதுச்சேரி நகரமே வெள்ளக்காடானது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 செ.மீ. மழை. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, பாகூர்ப் பக்கம் வயல்களில் ஏறியது.

அந்த நிலையில் நிற்பவரிடம் 'தைரியமா இருங்க' என்பது வெறும் பேச்சு. மனசு தெளிய, கையில் ஒரு வேலை வேண்டும். வடிகாலை வெட்டிவிடுங்கள். ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். புது வெள்ளை வேர் தெரிந்தால் பயிர் தேறும். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவுங்கள். வேர் அழுகிய வயலுக்குக் கடன் வாங்கி உரம் போடாதீர்கள்.

விரிவாக்கப் பணியாளர்களே, சேதக் கணக்கெடுக்கப் போனால் பரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தூக்கம் வருகிறதா, கடன் நெருக்குகிறதா என்றும் கேளுங்கள். பேச்சு குறைந்து, வயல் பக்கமே போகாதவர் இருந்தால் அவர் போனிலேயே 14416 டெலி மானஸ் எண்ணைப் போட்டுப் பேச வையுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். வீட்டில் மிச்சமிருக்கும் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.