ரேம் போட்டதும் கம்ப்யூட்டர் செத்துவிடுமா?

கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்றால் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, "இன்னொரு ரேம் வாங்கிப் போடு". வாங்கிப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பத்தே நிமிடத்தில் தீர்ப்பு ரெடி: "மதர்போர்டு போச்சு!"

கொஞ்சம் பொறுங்கள். 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை அறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்ட பொருளைச் சோதிக்காமலே தூக்கிப் போடுவதும், நன்றாக இருக்கும் போர்டை மாற்றுவதும் மாணவர்களின் பாக்கெட்டுக்குக் கட்டுப்படியாகுமா?

திரை வராததற்குக் காரணம் பல நேரம் சப்பையானது. ரேம் ஸ்லாட்டில் முழுதாக இறங்கியிருக்காது. உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக அழுத்துவதால் வரும் வினை இது. அடுத்தது, வகை. டிடிஆர்3 ரேமை டிடிஆர்4 ஸ்லாட்டில் மாட்டவே முடியாது. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஆனால் டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். முதலாவதற்கு 1.5 வோல்ட், இரண்டாவதற்கு 1.35 வோல்ட். குறைந்த வோல்ட் மட்டும் தரும் பழைய லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் கிளம்பாது. ரேமும் நல்லது, லேப்டாப்பும் நல்லது, ஜோடிதான் தப்பு!

டிடிஆர்5 கதை இன்னும் வேடிக்கை. புது ரேம் போட்டு முதல் தடவை ஆன் செய்தால், போர்டு அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாமல் நடுவில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

சரி, என்னதான் செய்வது? ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அவ்வளவுதான் ரகசியம். மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழைய ரேமை மட்டும் பழைய இடத்தில் போட்டு ஆன் செய்யுங்கள். திரை வந்தால் போர்டு சாகவில்லை. பிறகு அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் போடுங்கள். அதுவும் ஓடினால் அடுத்த ஸ்லாட்டைச் சோதியுங்கள். தனித்தனியே ஓடி, சேர்த்தால் மட்டும் நிற்கிறதா? இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பயாஸ் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஐந்து விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

திரை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் இதே அவசரம்தான். சொல்லப்போனால் கிளம்பாத கம்ப்யூட்டரைவிட ஆபத்தானது, அரைகுறை ரேமோடு கிளம்பும் கம்ப்யூட்டர். கிளம்பாதது உங்கள் ஃபைலைத் தொடாது. அரைகுறை ரேம், சேமிக்கும் ப்ராஜெக்டையும் போட்டோவையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை காணப்பட்டது. அந்த சர்வர்களில் பிழை திருத்தும் வசதி இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது.

எனவே புது ரேம் போட்ட அன்று இரவே மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் விடாதீர்கள். ரேமைத் தனித்தனியே போட்டு மறுபடி ஓட்டுங்கள். எது தப்பு என்று தெரிந்ததும் மாற்றிக் கேளுங்கள். அதுவரை பில்லையும் அட்டைப்பெட்டியையும் பத்திரமாக வையுங்கள்.

"இதெல்லாம் கடைக்காரர் பார்க்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது ஒரு ராத்திரி முழுக்கச் சோதிக்க அவருக்கு நேரம் ஏது? அந்த நேரம் நம்மிடம்தான் இருக்கிறது. இனி யாராவது "போர்டு போச்சு" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய ரேமை மட்டும் போட்டுப் பார்த்தீங்களா அண்ணே?"